மாசி பிறந்தால் எந்தத் தண்ணீர்?

பொன்னேரி வட்டாரத்தில், காட்டூர்ப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்கு மாசியும் பங்குனியும்தான் பொன்னான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் திரும்பிய இடமெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுக்க மீன் சிதறிக் கிடக்கும், எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். தை அறுவடை முடிந்து மாசி பிறந்ததும் நிலைமை மாறுகிறது. ஒரு பக்கம் ஏரிகளில் நல்ல தண்ணீர் வற்றத் தொடங்கும். மறு பக்கம் பழவேற்காட்டுக் கழியில் உப்பு ஏறத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து மீனை ஒதுக்கி ஒதுக்கிச் சில இடங்களில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. அந்தச் சில இடங்களைக் கண்டுபிடிப்பதுதான் இந்த இரண்டு மாதத்து வேலை.

நான் பெரிய மீனைத் தேடிப் போவதில்லை. அது தின்னும் பொடி மீனைத் தேடிப் போகிறேன். ஏரியில் கெண்டைப்பொடியும் சென்னாக்கூனியும், கழியில் மடவைக் குஞ்சும் இறாலும் எங்கே இருக்கின்றனவோ அங்கே விராலும் கொடுவாயும் தானாக வந்து நிற்கும். இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் கழியில் கையால் இறால் தடவும் இருளர் பெண்கள். பல்லில் பறியைக் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றை விரலால் துழாவி இறால் பிடிப்பார்கள். எந்தத் திட்டில் இறால் இருக்கிறது, எந்த நேரத்தில் அது சேற்றில் புதைந்திருக்கும் என்று அவர்களுடைய விரலுக்குத் தெரியும்.

"இப்ப ஏத்தம் தம்பி. வத்தட்டும், அப்புறம் வா. தண்ணி வடியற வாய்ல நில்லு, மீனு அங்கதான் நிக்கும்" என்று ஓர் அக்கா சொன்னது இன்றைக்கும் என் முதல் பாடம்.

முதலில் ஏரியைப் பார்ப்போம். காட்டூர் ஏரியும் தத்தமஞ்சி ஏரியும் அக்கம்பக்கத்து ஏரிகள். ஆரணி ஆற்றுத் தண்ணீரை நம்பியவை. இரண்டையும் இணைத்து, கரையை உயர்த்தி, ஒரு நீர்த்தேக்கமாக்கும் வேலையை நீர்வளத் துறை எடுத்தது. கடலுக்கு வீணாகப் போகும் வெள்ளத்தைப் பிடித்துவைப்பதும், மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் ஏறிவிட்ட உப்பை எதிர்த்து நல்ல தண்ணீரை இறக்குவதும் நோக்கம். தூண்டில்காரனுக்கு இதில் ஒரு சங்கதி உண்டு. மண் தோண்டிய இடமெல்லாம் புதுப் பள்ளம். போன வருஷம் மீன் நின்ற இடத்தில் இந்த வருஷம் நிற்கும் என்று எண்ணக் கூடாது. பங்குனியில் தண்ணீர் இறங்கும்போது ஒருமுறை கரையைச் சுற்றி நடந்து, எங்கே திட்டு, எங்கே பள்ளம் என்று கண்ணால் பார்த்துவைத்துவிட்டால் அடுத்த மழை வரைக்கும் அந்த அறிவு உதவும்.

பொன்னேரி வட்டாரத்தில் நவரைப் பட்டம் பெரிது. மார்கழி, தையில் நட்ட நவரை நெல்லுக்கு மாசி, பங்குனி முழுக்க ஏரித் தண்ணீர் பாய வேண்டும். அதனால் நவரை பயிரிட்ட ஆயக்கட்டு இருக்கிற ஏரி வேகமாக வற்றும், மீனும் வேகமாக ஒதுங்கும். எந்த ஏரிக்குப் போவது என்று யோசிக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஏரியை அல்ல, அதன் கீழே இருக்கும் வயலைத்தான். வயல் பச்சையாக இருந்தால் மதகு திறந்திருக்கிறது. மதகு திறந்திருந்தால் மீன் மதகை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. வயல் தரிசாகக் கிடக்கிற ஏரியில் தண்ணீர் அசையாமல் நிற்கும். அங்கே உட்காருவதற்கு நிறையப் பொறுமை வேண்டும்.

மதகடியில் இரண்டு இடம் முக்கியம். உள்பக்கம், கரைக்கு மண் எடுத்த பள்ளம். ஏரி எவ்வளவு வற்றினாலும் கடைசித் தண்ணீர் அங்கேதான் நிற்கும். வெளிப்பக்கம், மதகிலிருந்து தண்ணீர் விழுந்து வாய்க்கால் தொடங்கும் குழி. உள்ளே விராலும் குறவையும், வெளியே கெண்டைப்பொடியும் கெளுத்தியும். விடியற்காலையில் வெளிக்குழியில் ஒரு சின்ன வீச்சு வலையை விரித்தால் அன்றைய இரை கிடைத்துவிடும். பிறகு உள்பக்கம் போய் உட்காரலாம்.

கலங்கல் பக்கம் மாசியில் போவது வீண். அது மழைக்கால இடம். வழிந்தோடும் தண்ணீரை எதிர்த்து மீன் ஏறும்போது அங்கே இருக்கும் கூட்டம் இப்போது இருக்காது.

பனையேறிக்கெண்டையைத் தேடுகிறவர்கள் ஆழத்தை மறந்துவிட வேண்டும். ஆகாயத்தாமரைப் படலத்தின் ஓரம், கோரைத் தூறு, முழங்காலளவு கலங்கிய தண்ணீர்: இவைதான் அதன் வீடு. மற்ற மீன் மூச்சுத் திணறும் சேற்றுக் குட்டையிலும் இது சுகமாக இருக்கும். தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு இருக்கிறது, அதனால் நீர்மட்டத்துக்கு வந்து வாய்நிறையக் காற்றை எடுத்துக்கொண்டு இறங்கும். படலத்து ஓரம் அமைதியாக நின்று பாருங்கள், 'பளுக்' என்று சின்னக் குமிழி உடையும். அந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி மண்புழுவை இறக்கினால் போதும். தக்கை சின்னதாக இருக்கட்டும், முள் அதைவிடச் சின்னதாக இருக்கட்டும். இதன் வாய் சிறியது.

இந்த மீனுக்கு உலகப் புகழ் கிடைத்தது நம் கரையிலிருந்துதான். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வேலை பார்த்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, 1791இல் ஒரு பனைமரத்தின் பட்டை வெடிப்பில் இது ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சானது. மரம் ஏறுமா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் மழை இரவில் ஈரத்தரையில் செவுள்மூடி முள்ளை ஊன்றி ஊன்றி ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போகும், இதில் சந்தேகமே இல்லை. அதே முள் கையைக் கிழிக்கும் என்பதால், பிடித்ததும் தலைப்பக்கமிருந்து வாலை நோக்கித் தடவி, முதுகு முள்ளைப் படியவைத்துவிட்டுத்தான் தூண்டிலைக் கழற்ற வேண்டும். மூடியில்லாத வாளியில் போட்டால் வெளியேறிவிடும்.

கழிக்குப் போகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது உப்பு. பழவேற்காட்டு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். அவ்வளவு பெரிய பரப்பு, அவ்வளவு குறைந்த ஆழம் என்றால் வெயில் எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளத்தால் பல இடங்களில் நல்ல தண்ணீராகவே மாறிவிடும் கழி, கோடையில் கடலைவிட அதிக உப்பாகிவிடும். மாசி, பங்குனி இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. தண்ணீர் உவர்ப்பாக, மீனுக்கு இதமாக இருக்கும் காலம் இதுதான்.

எந்த இடத்தில் எவ்வளவு உப்பு என்பதை அறிய ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. நான் கரையில் முளைத்திருப்பதைப் பார்க்கிறேன். உமரி படர்ந்த கரையில் உப்பு நிலையாக ஏறி இறங்குகிறது. கோரை நிற்கிற மூலையில் எங்கிருந்தோ நல்ல தண்ணீர் கசிகிறது. உமரி முடிந்து கோரை தொடங்கும் அந்த ஓரம், குறிப்பாக வயல் வடிகால் வந்து சேரும் ஓடை வாய், மடவைக் குஞ்சுக்கு மிகப் பிடித்த இடம். கூட்டமாக நீர்மட்டத்தில் மேயும். திடீரென்று எல்லாம் ஒரே பக்கம் சிதறித் துள்ளினால் அடியில் கொடுவா வந்துவிட்டது என்று அர்த்தம்.

பறவைகளும் வழி காட்டும். ஆனால் எந்தப் பறவை என்பது முக்கியம். பூநாரைக் கூட்டத்தைப் பார்த்து இங்கே மீன் கொட்டிக் கிடக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் இறங்கிவிடுகிறார்கள். பூநாரை பாசியையும் நுண்ணிய உயிர்களையும் வடிகட்டித் தின்னும் பறவை. அது நிற்பது கணுக்கால் தண்ணீர், தூண்டிலுக்கு அங்கே வேலையில்லை. நீர்க்காகம் முங்கி முங்கி எழும் இடம், ஆலா செங்குத்தாக விழும் இடம், கூழைக்கடா வரிசை கட்டி வளைக்கும் இடம், இவைதான் நமக்கு வேண்டியவை. மீன்கொத்தி ஒரே கம்பத்தில் நாள் தவறாமல் உட்கார்ந்தால் அந்தக் கம்பத்தடியில் பொடி மீன் நிச்சயம்.

ஏற்ற வற்றத்துக்கு வருவோம். சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவே வித்தியாசம், கழிக்குள் அது இன்னும் குறையும். ஆனாலும் மீனுக்கு அது போதும். ஏற்றத்தில் மடவைக் குஞ்சும் இறாலும் கரையோரச் செடிகளுக்குள் மேயப் போகின்றன. வற்றம் தொடங்கியதும் ஓடைகள் வழியாகத் திரும்பி வந்தே ஆக வேண்டும். அந்த ஓடை வாயில், பாலத்துத் தூண் நிழலில், பக்கிங்காம் கால்வாயில் கிளை சேரும் மூலையில், அசையாமல் காத்திருக்கும் கொடுவா. துரத்தி வேட்டையாடுவதைவிடப் பதுங்கிப் பிடிப்பதுதான் அதன் குணம். எனவே வற்றம் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அந்தியிலோ விடியலிலோ அமைகிற நாளைத் தேர்ந்தெடுங்கள். நாள்காட்டியில் திதியைப் பார்த்தால் முன்கூட்டியே கணக்கிடலாம். முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபட்டிருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. புறப்படும் முன் பழவேற்காட்டில் யாரையாவது கேட்டுவிடுங்கள்: "அண்ணே, வாய் திறந்திருக்குதா?"

இரையை அந்தந்தத் தண்ணீரிலேயே பிடியுங்கள். ஏரிக் கெண்டைப்பொடியைக் கழிக்குக் கொண்டுபோனால் உப்பில் செத்துவிடும், செத்த இரையைக் கொடுவா அதிகம் மதிக்காது. மடவைக் குஞ்சின் முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், தோலோடு மட்டும் முள்ளைக் கோத்தால் நெடுநேரம் நீந்தும். உயிர் இரைக்கு சர்க்கிள் ஹூக் நல்லது. வெட்டி இழுக்காமல், நரம்பு ஓடத் தொடங்கியதும் மெல்ல இறுக்கினால் வாயோரத்தில் பிடிக்கும். கடைசி ஒரு முழம் நரம்பு தடிமனாக இருக்கட்டும், கொடுவாயின் செவுள்மூடி ஓரம் மெல்லிய நரம்பை அறுத்துவிடும். மிஞ்சிய உயிர் இரையை வேறு ஏரியில் விடவே விடாதீர்கள். ஜிலேபிக்கெண்டையும் வெளிநாட்டுக் கெளுத்தியும் தொட்டி சுத்தம் செய்யும் மீனும் நம் ஏரிகளுக்குள் நுழைந்ததும் மனிதர் கொண்டுவந்ததால்தான். வந்த இடத்தில் பனையேறிக்கும் குறவைக்கும் இடமில்லாமல் போகிறது.

மீனைவிட முக்கியமான இன்னொன்று. இங்கே எந்தத் தண்ணீரும் ஆளில்லாத தண்ணீர் அல்ல. ஏரி மீன் ஏலத்தில் போயிருக்கும், குத்தகைதாரரிடம் கேட்காமல் தூண்டில்கூடப் போடக் கூடாது. கழியில் பாடு முறை இருக்கிறது. எந்த நாளில் எந்த ஊர், எந்த ஆள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். பல தலைமுறைகளாக மீனைப் பங்கிட்ட ஏற்பாடு அது. கம்பு நட்டிருக்கும் இடத்தின் குறுக்கே தூண்டில் வீசுவது ஒருவருடைய அன்றைய சாப்பாட்டில் கை வைப்பது. நமக்கு அது பொழுது, அவர்களுக்கு அது பிழைப்பு. சித்திரை, வைகாசியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குக் கடலில் தடை, 61 நாள். அப்போது சந்தையில் கழி மீனுக்கும் ஏரி மீனுக்கும் கிராக்கி கூடும். அந்த நாட்களில் நான் கழிப்பக்கமே போவதில்லை.

தெற்கே எண்ணூரை நோக்கிப் போகப் போகத் தண்ணீரை நன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்கள் அங்கே உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழியில் பரவி, கண்டல் வேர் வரை கறுத்துக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். சேற்றில் மேயும் மீனையும் நண்டையும் அப்படிப்பட்ட இடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். இறாலைக் கையால் தடவிப் பிழைக்கும் அக்காமார்களுக்கு அந்தத் தேர்வுகூட இல்லை என்பது என்னை வெகுவாக வருத்துகிறது.

பெரிய கொடுவா சிக்கினால் என்ன செய்வது? கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, வயதானபின் பெண்ணாக மாறும் மீன். நான்கைந்து கிலோவைத் தாண்டியது பெரும்பாலும் பெண். நல்ல தண்ணீரிலும் கழியிலும் வளர்ந்து, முட்டையிட முகத்துவாரத்தை நோக்கிப் போகும். 1997இல் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதைத் தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்கவைத்தது. ஆனால் அந்தக் குஞ்சுகள் பண்ணைக்குப் போகின்றன. கழிக்கு வர வேண்டிய குஞ்சு இந்தப் பெரிய மீனிடமிருந்துதான் வர வேண்டும். அதனால் ஒரு கிலோ, இரண்டு கிலோ மீனைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பெரியதைக் கரையில் இழுத்துப் போடாமல் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றுங்கள். ஒரு கையால் வால் அடியையும் மறு கையால் வயிற்றையும் தாங்கி, தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்திருங்கள். செவுள் சீராக விரிந்து மூடத் தொடங்கியதும் அது உங்கள் கையை உதறும், அப்போது விடுங்கள்.