ஒரு டேப், ஆறு பேர்

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. பெரியப்பாவும் நானும் சுகம். நீ போனில் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். பதிலையும் போனிலேயே சொன்னால் உன் பக்கத்தில் யாராவது இருப்பார்கள், நீ ‘உம், உம்’ என்று மட்டும்தான் சொல்வாய். அதனால்தான் கடிதம். சாவகாசமாக, தனியாக உட்கார்ந்து படி.

வீட்டில் ஆறு பேர், டேப் ஒன்று. தீபாவளி போனஸில் நீ வாங்கியது. யார் எத்தனை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் அட்டவணை போட்டுக் கொடுங்கள் பெரியம்மா என்று கேட்டாய். அட்டவணை போடுவது பெரிய காரியமில்லை. ஆனால் உன் வீட்டில் நடந்த சண்டை நேரத்துக்காக நடந்த சண்டை இல்லையே! நீ சொன்னதைத் திரும்ப நினைத்துப் பார்த்தால் உனக்கே தெரியும். ஒருவர் பார்த்ததும் தேடியதும் இன்னொருவர் கண்ணில் பட்டது. அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அதனால் நேரத்தைப் பங்கு போடுவதற்கு முன்னால் அந்த டேபுக்குள் ஆளுக்கு ஓர் இடம் பிரித்துக் கொடு.

முதலில் பெரியவள் விஷயம். தாத்தா ஏதோ ரயில் நேரம் பார்க்கத் தேடல் பெட்டியில் விரலை வைத்திருக்கிறார். அவர் ஓர் எழுத்துத் தட்டுவதற்குள், பக்கத்தில் சின்னக் கடிகாரப் படம் போட்டு, முன்னால் தேடியவை எல்லாம் வரிசையாக இறங்கியிருக்கின்றன. மாதவிடாய் தள்ளிப்போவதைப் பற்றிப் பேத்தி தேடிய வரியும் அதில் இருந்தது. அவர் வேவு பார்க்கவில்லை. கண்ணில் பட்டது, பதறிப்போனார், உன் மாமியாரிடம் சொன்னார், மாமியார் மாப்பிள்ளையிடம் சொன்னார். நீ ஆபீஸ் விட்டு வருவதற்குள் பத்தாவது படிக்கிற பிள்ளையைக் கூடத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் குழந்தை கேட்டது சரியான கேள்வி. வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது பல பெண்களுக்கு உண்டு. மன அழுத்தத்திலும் தள்ளிப்போகும். மூன்று மாதம் வராமலே இருந்தால் தாமதிக்காமல் பெண் மருத்துவரிடம் கூட்டிப்போ. இதையெல்லாம் அவளுக்கு உட்கார்ந்து சொல்ல ஆள் இருந்திருந்தால் அவள் டேபிடம் கேட்டிருக்கமாட்டாள் என்று உன் மாமியார் சொன்னாராம். நான் அப்படி நினைக்கவில்லை. அம்மாவிடம் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கும் கேள்விகள் அந்த வயதில் இருக்கத்தான் செய்யும். அவற்றைத் தனியாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ள ஓர் இடம் அவளுக்கு வேண்டும். நீ செய்யவேண்டியது ஒன்றுதான்: அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ‘நீ எந்தத் தப்பும் செய்யவில்லை’ என்று வாய் திறந்து சொல். அதை இன்னும் சொல்லவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, முதலில் போய்ச் சொல்லிவிட்டு வா.

இப்போது வழி சொல்கிறேன். உன் வீட்டுப் பீரோ ஒன்றுதான். ஆனால் மேல்தட்டு மாமியாருக்கு, நடுத்தட்டு உனக்கு, கீழே பிள்ளைகளுக்கு என்று இருக்கிறது. அவரவர் தட்டை அவரவர்தான் கலைக்கிறார்கள். டேபிலும் அப்படித் தட்டுப் பிரிக்க வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு டேபுகளில் இந்த வசதி 2012-லேயே வந்துவிட்டது, 4.2 பதிப்போடு. போனுக்கு அது வந்ததே இரண்டு வருடம் கழித்துத்தான். டேப் பலர் கை மாறும் பொருள் என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. இத்தனை வருடம் ஆகியும் நம் வீடுகளில் அதைத் தொடுவார் இல்லை. வாங்கிய அன்று யாரோ ஒருவர் தன் ஜிமெயிலைப் போட்டுத் திறந்துவிடுகிறார், அதோடு வீடு முழுக்க அந்த ஒரு பெயருக்குள் குடியிருக்கிறது.

செட்டிங்ஸைத் திற. மேலே தேடும் இடத்தில் ‘யூசர்’ என்று போடு. கம்பெனிக்குக் கம்பெனி அது இருக்கும் இடம் மாறும். சில மாடல்களில் இருக்காது, எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. உன்னுடையதில் இருக்கிறது என்று நீ சொன்ன மாடலை வைத்துப் பெரியப்பா பார்த்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு யூசர் சேர்த்து, அதில் அவரவர் கணக்கை மட்டும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி லாக் போடு. அதற்குப் பிறகு ஒருவர் தேடியது, பார்த்த வீடியோ, எடுத்த போட்டோ, சேர்த்து வைத்த பாஸ்வேர்டு எதுவும் மற்றவர் பக்கம் எட்டிப் பார்க்காது. மொழியும் எழுத்தின் அளவும்கூட ஆளுக்கு ஆள் தனி.

லாக்குக்குக் கோடு இழுக்கும் முறை வேண்டாம். எண்ணெய்க் கையோ விபூதிக் கையோ பட்டால், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தவுடன் இழுத்த தடம் அப்படியே தெரியும். எண்ணே போடுங்கள். பிறந்த வருடம் வேண்டாம், கவரின் பின்னால் சீட்டு ஒட்டி வைப்பதும் வேண்டாம்.

முதலில் கணக்குப் போட்டவர்தான் டேபுக்குச் சொந்தக்காரர். உன் வீட்டில் அது மாப்பிள்ளை. அவர் நினைத்தால் மற்றவர்களுடைய இடத்தை அழித்துவிட முடியும், அழித்தால் உள்ளே இருந்தது அத்தனையும் போய்விடும். ஆனால் அவரவர் எண் தெரியாமல் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. இந்த இரண்டையும் எல்லோர் முன்னாலும் வைத்துச் சொல்லிவிடு. பெரியவளுடைய எண் அம்மாவுக்குத் தெரியலாமா என்று நீ கேட்பாய். பதினைந்து வயது, தெரிந்திருக்கட்டும். ஆனால் அவளிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திற. அவள் தூங்கும்போது ஒரு தடவை திறந்து பார்த்தாய் என்று தெரிந்தால் போதும், அடுத்த கேள்வியைத் தோழியின் போனில் தேடுவாள். அங்கே என்ன கிடைக்கிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது.

ஐபேட் வாங்கியிருந்தால் இந்த வம்பே இல்லை என்று மாப்பிள்ளை சொன்னாராமே. அதில் இந்த வசதி வீட்டுக்குக் கிடையாது. 2010-ல் வந்த பொருள். பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் ஏற்பாட்டை 2016-ல் பள்ளிக்கூடங்களுக்கென்று கொண்டுவந்தார்கள், பிறகு நிறுவனங்களுக்கும் கொடுத்தார்கள். வீட்டில் வாங்கி வைப்பவருக்கு இன்னும் ஒரே பெயர், ஒரே அறைதான். நீ வாங்கியதுதான் உன் குடும்பத்துக்குப் பொருத்தம்.

உன் மாமியார் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ‘அவங்களுக்கு எதுக்கு, டிவி இருக்கே’ என்று நீயே சொல்லிவிட்டாய். அவர் உபன்யாசம் கேட்க யூடியூபைத் திறந்தால் வரிசையாக ஜேசிபி வண்டியும் பொம்மை லாரியும் வருகின்றன, அதனால் வெறுத்துப்போய் விட்டுவிட்டார். அது பேரன் பார்த்ததன் விளைவு. ஒரே கணக்கில் யார் எதைப் பார்த்தாலும், அடுத்து உட்காருபவருக்கு அதைத்தான் காட்டும். அவருக்கென்று ஓர் இடம் வைத்து, மொழியைத் தமிழாக்கி, எழுத்தை முடிந்தவரை பெரிதாக்கிக் கொடு. தட்டத் தெரியாது என்பதும் தடையில்லை. மைக் படத்தைத் தொட்டு அவர் தமிழில் சொன்னாலே தேடிக் கொடுக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் காட்டு. இரண்டு நாளில் பிடித்துக்கொள்வார். நம் வீடுகளில் கேட்டு வாங்கத் தெரியாதவர்களுக்குக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை. அதை நீ மாற்றலாம்.

மாமனார் பொன்மலை ரயில் பணிமனையில் இயந்திரத்தோடு வாழ்ந்த மனிதர். நடந்ததற்கு அவரும் சங்கடப்பட்டிருப்பார். அவரிடம் பேத்தியின் விஷயத்தை மறுபடி எடுக்காதே. டேபில் தட்டுப் பிரிக்கும் வேலையை அவரையே கூட வைத்துக்கொண்டு செய், எதற்கென்று அவருக்குத் தானே புரியும். நவம்பரில் அவர் ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். அதை இணையத்தில் கொடுக்கும் ஜீவன் பிரமாண் 2014-ல் வந்தபோது கைரேகைக் கருவி தேடி அலைய வேண்டியிருந்தது. 2021-லிருந்து முகத்தைக் காட்டியே முடிக்கலாம். அதற்குத் தனியாக ஆதார் முக அடையாள ஆப் ஒன்றும் இறக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் முகத்துக்கு எதிரே வருமாறு உட்காரச் சொல். அன்று காலை முழுவதும் டேப் அவருடையது என்று முன்கூட்டியே சொல்லிவை. பேரன் பக்கத்தில் நின்று பிடுங்கிக்கொண்டிருந்தால் அவருக்குப் பதற்றம் வந்துவிடும்.

சின்னவனுக்குத் தனி இடத்தில் நாலே நாலு ஆப் போதும். யூடியூப் கிட்ஸில் தேடலை நிறுத்தி வைக்கலாம், நேரம் முடிந்ததும் தானே நிற்கும்படியும் வைக்கலாம். ‘டேப் போதும்பா’ என்று நீ சொன்னால் அழுகை. அதுவே நின்றால் அவ்வளவு அழுகை வராது. நீ விளக்கிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

காசு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. 2014-ல் அமெரிக்காவில் ஆப்பிள் 3 கோடியே 25 லட்சம் டாலரும் கூகுள் 1 கோடியே 90 லட்சம் டாலரும் பெற்றோர்களுக்குத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. காரணம் கேட்டால் நம்பமாட்டாய். பெரியவர்கள் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால் ஆப்பிளில் கால் மணி நேரமும் கூகுளில் அரை மணி நேரமும் மறுபடி கேட்காமலே வாங்க விட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் பிள்ளைகள் விளையாட்டுக்குள்ளேயே எதையெதையோ வாங்கித் தள்ளிவிட்டார்கள். இங்கே ஓ.டி.பி. இருக்கிறதே என்று இருந்துவிடாதே. மாதாமாதம் பிடிக்கும் சந்தாவுக்கு ஒருமுறை சம்மதம் கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய் வரை அடுத்தடுத்துப் பிடிக்கும்போது ஓ.டி.பி. கேட்காது. அதனால் பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வை. உன் கார்டை அதில் சேர்க்காதே. பேங்க் ஆப், பணம் அனுப்பும் ஆப் எல்லாம் உங்கள் போனோடு நிற்கட்டும். எப்போதாவது ஏமாற்றிப் பணம் போனால் வீட்டுக்குள் யார் தப்பு என்று பேசிக்கொண்டிருக்காமல், உடனே 1930-க்குப் போன் செய்.

மாப்பிள்ளை தன் வாட்ஸ்அப்பை டேபில் இணைத்திருக்கிறார் என்றாய். அது பொது இடத்தில் இருக்கும்வரை அவர் ஆபீஸ் பேச்சு, நண்பர்கள் பேச்சு எல்லாம் பிள்ளைகள் கையில். அவர் போனிலேயே ‘இணைத்த சாதனங்கள்’ என்ற இடத்தில் அதைத் துண்டிக்கலாம். பிறகு தன் லாக்குக்குள் மறுபடி இணைத்துக்கொள்ளட்டும். நீ சொன்னால் கேள்வி வரும். பெரியம்மா சொன்னார்கள் என்று சொல்.

இவ்வளவும் ஆன பிறகு அட்டவணை. இடம் பெரியவர்களுக்கு எட்டும்படி கூடத்தில் இருக்கட்டும், சார்ஜரும் அங்கேயே. படுக்கையறைக்கு டேப் போக வேண்டாம், மாப்பிள்ளைக்கும் இதேதான். பரீட்சை முடியும்வரை சாயங்காலம் பெரியவளுக்கு. பாடப்புத்தகத்தில் கட்டம் கட்டமாக ஒரு குறியீடு இருக்கிறதே, அதைக் காட்டினால் பாட வீடியோ வரும். அதற்கு டேப் நல்லது. படிப்பது புத்தகத்திலேயே இருக்கட்டும். காலையில் மாமியார், மத்தியானம் மாமனார், பள்ளிவிட்டு வந்ததும் சின்னவனுக்கு அரை மணி. மிச்சத்தை நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

உன் பெயர் அந்த வரிசையில் எங்கே என்று பார்த்தாயா? நீ எனக்குப் படித்துக் காட்டிய பட்டியலில் உன் பெயரே இல்லை. ‘எல்லாரும் தூங்கின பிறகு நான் பாத்துக்கறேன்’ என்றாய். உன் பணத்தில் வாங்கிய பொருள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பழக்கம் இதிலும் வந்துவிட்டது. பதினோரு மணிக்குச் சார்ஜும் இருக்காது, உனக்குக் கண்ணும் இருக்காது. கல்யாணத்தோடு நிறுத்திய சி.எம்.ஏ. கணக்கியல் படிப்பின் இன்டர் தேர்வை முடிக்கத்தான் இதை வாங்கினாய் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் யாருக்கும் நீ சொல்லவில்லை, அதுவும் தெரியும்.

சொல்லிவிடு. மாப்பிள்ளையிடம் முதலில், பிறகு எல்லோரிடமும். காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை உனக்கு என்று அட்டவணையில் முதல் வரியாக எழுது, மற்றவர்கள் பெயரை அதற்குக் கீழே போடு. அந்த ஒரு மணி நேரம் அடுப்பை யார் பார்ப்பது என்பதையும் அதே தாளில் எழுதிவிடு. அதை எழுதாமல் விட்டால் முதல் வரி ஒரு வாரம்கூடத் தாங்காது. மாப்பிள்ளைக்குக் காபி போடத் தெரியும், உன் சித்தி வீட்டு விசேஷத்தில் நானே குடித்திருக்கிறேன். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. வருகிற ஜூன் நெருக்கடியாக இருந்தால் டிசம்பருக்கு வை. பழைய புத்தகங்களை வைத்துப் படிக்காதே, பாடத்திட்டம் மாறியிருக்கும். இப்போதைய பாடத்திட்டம் என்னவென்று தேர்வு நடத்தும் நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டு எனக்கு எழுது. புத்தகம் வாங்கும் செலவு என்னுடையது, மறுக்காதே.

சம்பந்திகளுக்கு என் நமஸ்காரம். பெரியவளைப் பரீட்சை முடிந்ததும் இங்கே அனுப்பி வை, ஒரு மாதம் என்னோடு இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியம்மா