டெல்லியில் மின்சார கார்: ஷோரூமுக்குப் போகுமுன் பார்க்கிங்கைப் பாருங்கள்

மயூர் விஹாரிலோ துவாரகாவிலோ யாராவது கார் மாற்றப்போவதாகச் சொன்னால், பேச்சு சீக்கிரமே மின்சார காருக்கு வந்துவிடுகிறது. பழைய டீசல் வண்டிக்குப் பத்து வயது நெருங்குகிறது; நவம்பர் வந்தால் புகைமூட்டமும் கூடவே தடைகளும் வருகின்றன; பக்கத்து வீட்டுக்காரர் பச்சை நம்பர் பிளேட்டோடு சத்தமில்லாமல் வந்து நிற்கிறார். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் ஒரே மாடலை ஒரே விலைக்கு வாங்கிய இருவரில் ஒருவருக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாயும், இன்னொருவருக்கு மூன்றரை ரூபாயும் ஆகிற ஊர் இது. ராத்திரி கார் நிற்கிற இடத்தில் பிளக் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அந்த வித்தியாசம். எனவே வீட்டிலேயே முடிக்கவேண்டிய வேலைகளிலிருந்து தொடங்குவோம்.

படி 1: கார் நிற்கும் இடம்

பில்டர் ஃப்ளோரில் இருப்பவர்களுக்கு வேலை சுலபம். கீழே தூண்களுக்கு நடுவில் பார்க்கிங், அதே இடத்துச் சுவரில் நான்கு மாடிக்கும் மீட்டர் போர்டு. உங்கள் மீட்டரிலிருந்து காருக்குச் சில மீட்டர் ஒயர் போதும். பார்க்கவேண்டியது ஒன்றுதான்: கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் இடமாக இருந்தால், கடைசியில் வருகிறவர் நீங்களாக இருக்கும் நாளில் பிளக் எட்டுமா?

துவாரகா, ரோஹிணி, ஐ.பி. எக்ஸ்டென்ஷன் மாதிரி இடங்களில் உள்ள ஹவுசிங் சொசைட்டிகளில் இடம் உங்களுடையதாக இருக்கும். சுவரும் கேபிள் போகும் வழியும் சொசைட்டியுடையவை. மீட்டர் அறை ஒரு மூலையிலும் உங்கள் பார்க்கிங் எதிர் மூலையிலும் இருந்தால், சார்ஜரைவிடக் கேபிள் செலவு அதிகமாகிவிடும். நிர்வாகக் குழுவின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். செக்ரட்டரி வாய்வார்த்தையாகச் சொன்னது அடுத்த தேர்தலோடு போய்விடும். சொந்த வீட்டு இணைப்பிலிருந்தே காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. விண்ணப்பக் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

பழைய டி.டி.ஏ. ஃப்ளாட்டில் மூன்றாம் மாடியில் குடியிருந்து, காரைத் தெருவில் கிடைத்த இடத்தில் நிறுத்துகிறவர்களுக்குத்தான் சிக்கல். பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிடும் யோசனை வேண்டாம். மணிக்கணக்கில் 15 ஆம்பியர் ஓடும் ஒயர் அது. ஜூலை மழையில் நனைந்த இணைப்பு ஒன்று போதும், விபரீதம் நடக்க.

ஆர்.கே. புரம் போன்ற அரசுக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். குவார்ட்டர்ஸில் புதிதாக ஒயர் இழுக்க சி.பி.டபிள்யூ.டி. அனுமதி வேண்டும், மாற்றலோ ஓய்வோ வந்தால் அந்தச் செலவு அங்கேயே நின்றுவிடும். ஆபீஸ் பார்க்கிங்கில் சார்ஜர் இருந்து, தினமும் அதில் இடமும் கிடைக்கும் என்றால், அது வீட்டுப் பிளக்குக்குச் சமம்.

இடம் சரி என்றால், அடுத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் மல்டிமீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் வோல்டேஜ் பார்க்கவேண்டும். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பழைய வீடுகளில் சாக்கெட்டில் எர்த் ஓட்டை இருக்கும், உள்ளே ஒயர் எங்கேயும் போய்ச் சேர்ந்திருக்காது. மிக்ஸி அதைக் கண்டுகொள்ளாது. காரின் சார்ஜர் கண்டுகொள்ளும், சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஒயர் அலுமினியமாக இருந்தால் அந்த லைனுக்கு மட்டுமாவது தாமிரம் மாற்றி, தனி எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்லுங்கள்.

பெரிய சார்ஜர் தேவையா? சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். ராத்திரி பத்து மணி நேரத்தில் 30 யூனிட். நகர ஓட்டத்துக்கு அது 180 கிலோமீட்டருக்கு மேல். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டரை மணி நேரமே தாராளம். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் இலவசமாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்; அதற்காகத் தனியாகக் காசு கொடுக்கவேண்டிய அவசியம் பலருக்கும் இல்லை.

படி 2: எந்த மீட்டர்?

பன்னிரண்டு மாத மின் பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் வீட்டு மின்சாரம் முதல் 200 யூனிட்டுக்கு 3 ரூபாய், 400 வரை 4.50, 800 வரை 6.50 என்று ஏறும். மானியம் வாங்குபவர்களுக்கு 200 யூனிட் வரை பில்லே கிடையாது. 201 முதல் 400 வரை பாதித் தள்ளுபடி, அதிகபட்சம் 800 ரூபாய். 400-ஐத் தாண்டினால் ஒன்றும் இல்லை. மின்வாகனத்துக்கென்று தனி இணைப்பு வாங்கினால் யூனிட் 4.50, எத்தனை யூனிட் ஆனாலும். இவற்றின் மேல் வரும் கூடுதல் கட்டணங்கள் தனி.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து சுமார் 160 யூனிட் ஆகும். தனி இணைப்பில் அதற்கு மின்கட்டணம் 720 ரூபாய். வீட்டு மீட்டரிலேயே போட்டால்?

- இப்போது 180 யூனிட் ஆகிற வீடு 340-க்குப் போகும். பூஜ்யமாக இருந்த கட்டணம் மானியம் போக 615 ஆகும். தனி மீட்டர் தேவையில்லை.
- 250 யூனிட் ஆகிற வீடு 410-க்குப் போகும். பத்து யூனிட் தாண்டியதற்காக மானியம் முழுவதும் போய்விடும். கூடுதல் சுமை ஏறக்குறைய 1,150 ரூபாய்.
- ஏ.சி. ஓடும் ஜூனில் 500 யூனிட் ஆகிற வீடு 660-க்குப் போகும். கூடுதல் 1,040 ரூபாய்.

பிப்ரவரியில் முதல் வரிசையில் இருக்கும் வீடே ஜூனில் மூன்றாவதில் இருக்கும் ஊர் இது. அதனால்தான் ஒரு மாத பில் போதாது. 400-ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்கும் மாதங்கள் அதிகம் என்றால், தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். பிஎஸ்இஎஸ், டாடா பவர் டிடிஎல் இரண்டுமே இதை இணையதளத்தில் ஏற்கின்றன. வீட்டு மீட்டரையே பயன்படுத்துவதாக இருந்தால், பில்லில் உள்ள ‘சாங்ஷன்ட் லோடு’ எவ்வளவு என்று பாருங்கள். கீசரும் ஏ.சி.யும் காரும் ஒன்றாக ஓடினால் அதைத் தாண்டக்கூடும்; தாண்டினால் லோடை உயர்த்துவார்கள், நிலைக் கட்டணமும் கூடும்.

படி 3: சி.என்.ஜி.யோடு ஒப்பிடுங்கள்

விற்பனையாளர்கள் எப்போதும் பெட்ரோலோடுதான் ஒப்பிட்டுக் காட்டுவார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2002-க்குள் நகரப் பேருந்துகளையே சி.என்.ஜி.க்கு மாற்றிய ஊர் டெல்லி, பங்க்குகளுக்குப் பஞ்சமில்லை. இங்கே மின்சார காரின் உண்மையான போட்டியாளர் சி.என்.ஜி. கார்தான். பெட்ரோல் 95 ரூபாய், நகரத்தில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர், சி.என்.ஜி. 77 ரூபாய், கிலோவுக்கு 22 கிலோமீட்டர், வெளியே ஃபாஸ்ட் சார்ஜிங் யூனிட் 22 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டருக்கு:

- பெட்ரோல்: சுமார் 7,300 ரூபாய்
- சி.என்.ஜி.: சுமார் 3,500 ரூபாய்
- மின்சாரம், வீட்டில்: கூடுதல் கட்டணங்களோடு சுமார் 1,000 ரூபாய்
- மின்சாரம், வெளி ஃபாஸ்ட் சார்ஜரில்: சுமார் 3,500 ரூபாய்

மின்சார காருக்கு நீங்கள் 3 லட்சம் கூடுதலாகக் கொடுப்பதாக வைத்தால், பெட்ரோலோடு ஒப்பிட்டு நான்கு வருடத்தில் பணம் திரும்பும். சி.என்.ஜி.யோடு ஒப்பிட்டால் பத்து வருடம். வீட்டில் பிளக் இல்லாதவருக்கு எரிபொருள் கணக்கில் திரும்பவே திரும்பாது. மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் இந்த வருடங்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். ஆயில், ஃபில்டர், கிளட்ச் செலவு இல்லாததால் சர்வீஸில் கொஞ்சம் மிச்சமாகும். வண்டி கனம் என்பதால் டயர் சற்று சீக்கிரம் தேயும்.

படி 4: எவ்வளவு பெரிய பேட்டரி?

விளம்பரத்தில் வரும் ரேஞ்ச் சோதனைக்கூடத்தில் எடுத்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கை நம்புங்கள். 45 டிகிரி வெயிலில் ஏ.சி., ஜனவரிக் காலையில் 5 டிகிரிக் குளிரில் ஹீட்டர், இரண்டுமே அதிலிருந்து இன்னும் கொஞ்சம் கடிக்கும். குளிரில் ஃபாஸ்ட் சார்ஜிங்கும் மெதுவாகும்.

அடுத்து, வருடத்துக்கு எத்தனை முறை டெல்லியை விட்டு வெளியே ஓட்டுகிறீர்கள் என்று யோசியுங்கள். ஊருக்குப் போவதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். அதற்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆக்ரா, சண்டிகர், ஜெய்ப்பூர் எல்லாம் ஒரு பக்கம் 230 முதல் 280 கிலோமீட்டர். இந்தச் சாலைகளில் சார்ஜர்கள் உண்டு. நீண்ட விடுமுறை வார இறுதியில் எல்லாரும் ஒரே நேரத்தில் போவதுதான் பிரச்சினை.

நகரத்துக்குள் மட்டும், இரண்டாவது கார் என்றால் டாடா டியாகோ ஈவி (19.2 அல்லது 24 கிலோவாட்-மணி), எம்.ஜி. காமெட் (17.3) அளவு பேட்டரி போதும். வீட்டில் ஒரே கார், அவ்வப்போது ஜெய்ப்பூரும் ஹரித்வாரும் உண்டு என்றால் 40-க்கு மேல் பாருங்கள்: நெக்ஸான் ஈவி 45, எம்.ஜி. வின்ட்சர் ப்ரோ, ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் இந்த வரிசையில் வரும். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் தொடங்கிய வின்ஃபாஸ்ட் தொழிற்சாலையின் கார்களும் களத்தில் உண்டு. எந்த மாடலாக இருந்தாலும், பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். டெல்லி ஜூனுக்கு அது அவசியம்.

படி 5: டெல்லியின் விதிகள் உங்களுக்கு எவ்வளவு பொருந்தும்?

தேசியத் தலைநகர்ப் பகுதியில் டீசலுக்குப் பத்து வருடம், பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம் என்ற வரம்பை பசுமைத் தீர்ப்பாயம் கொண்டுவந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. வயதான வண்டிகளுக்கு எரிபொருள் தரக்கூடாது என்று 2025 ஜூலை 1 முதல் அமலாக்கிப் பார்த்தார்கள், சில நாளில் நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 உமிழ்வுத் தரமும் அதற்குப் பிந்தையதும் கொண்ட வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. எனவே முதலில் உங்கள் ஆர்.சி.யில் என்ன பிஎஸ் என்று பாருங்கள். பயத்தில் நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் இங்கே நிறைய.

காற்றின் தரம் கெட்டு மூன்றாம் நிலைக் கட்டுப்பாடு வரும் நாட்களில் பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் கார்கள் ஓடக்கூடாது. மின்சார காருக்கு அந்தத் தடை இல்லை. 2019 ஒற்றை-இரட்டை எண் திட்டத்திலும் அதற்கு விலக்கு இருந்தது. குளிர்காலத்தில் தினமும் வண்டி எடுத்தே ஆகவேண்டிய வேலை உங்களுக்கு என்றால், இதற்கு ஒரு மதிப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: விலைப்பட்டியலை வரி வரியாகப் படியுங்கள்

மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல், சி.என்.ஜி. கார்களின் வரி 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலை வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள். 2020 ஆகஸ்டில் வந்த டெல்லி மின்வாகனக் கொள்கை சாலை வரி விலக்கும் மானியமும் தந்தது. பிறகு அது பலமுறை நீட்டிக்கப்பட்டது. நீங்கள் பதிவு செய்யும் நாளில் என்ன நிலவரம் என்பதை போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, விலையை எழுத்தில் வாங்குங்கள். நொய்டாவும் குருகிராமும் வேறு மாநிலங்களில் இருப்பவை. அங்கே விதி வேறு.

கார் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 80ஈஈபி பிரிவு 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும்தான். மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியத்தில் மட்டும் 15 சதவீதத் தள்ளுபடி உண்டு.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டத்தில் விலை கண்ணைப் பறிக்கும். 2024-ல் வின்ட்சர் அப்படித்தான் 9.99 லட்சத்துக்கு வந்தது; கூடவே கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் பேட்டரி வாடகை. மின்சாரத்தையும் சேர்த்தால் நாலரை ரூபாய், சி.என்.ஜி.யைவிட அதிகம்! குறைவாக ஓட்டுகிறவருக்கு ஒத்துவரலாம். அதிகம் ஓட்டினால் கையைக் கடிக்கும்.

பேட்டரி உத்தரவாதம் வழக்கமாக 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். சில நிறுவனங்கள் அதைவிட நீளமாகத் தருகின்றன. ஆனால் அந்த நீளம் முதல் உரிமையாளருக்கு மட்டுமா, விற்றால் தொடருமா என்று கேளுங்கள். மறுவிற்பனை விலை அதில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் மின்டோ பாலத்தடியில் தேங்குவது போன்ற தண்ணீரில் வண்டி மாட்டினால் உத்தரவாதம் என்ன சொல்கிறது, காப்பீடு என்ன சொல்கிறது என்பதையும் கேளுங்கள்.

படி 7: முடிவு

வீட்டிலோ ஆபீசிலோ உறுதியான பிளக், மாதம் 800 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், குறைந்தது ஆறேழு வருடம் வைத்திருக்கும் எண்ணம் மூன்றும் இருந்தால் வாங்குங்கள், தயக்கம் வேண்டாம். பிளக் இருந்தும் ஓட்டம் குறைவு என்றால் பணத்துக்காக வாங்காதீர்கள். புகை இல்லாத வண்டி, கட்டுப்பாட்டு நாட்களின் நிம்மதி இவற்றுக்காக வாங்குவதானால் சரி. தெருவில் நிறுத்துகிறவர் இப்போதைக்கு சி.என்.ஜி. காரே எடுக்கலாம்; கூடவே சொசைட்டிக்கோ ஆர்.டபிள்யூ.ஏ.வுக்கோ பொது சார்ஜர் கேட்டு இன்றைக்கே ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். நாலு பேர் கையெழுத்தோடு போனால் கமிட்டி மறுப்பது கஷ்டம். அடுத்த கார் வாங்கும்போது அந்த சார்ஜர் உங்களுக்குத்தான் உதவும்.