சேர்க்கை வாய்ப்பும் நிகழ்தகவும்

நிகழ்தகவு என்றதும் நாணயமும் பகடையும் சீட்டுக்கட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாணயத்திற்கு இரண்டு பக்கம், பகடைக்கு ஆறு முகம், எல்லாம் சமவாய்ப்புடையவை, ஆதலால் கணக்கும் எளிது. ஆனால் வாழ்க்கையில் மனிதன் கவலையோடு கேட்கும் கேள்விகள் அவ்வளவு எளியவை அல்ல. ‘அந்தக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைக்குமா?’ என்பது அத்தகைய கேள்வி. அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு கல்லூரியை எடுத்துக்கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம். அக்கல்லூரியின் சேர்க்கை முறையை எதிர்த்து 2014-இல் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. அதன் பயனாக, பொதுவாக வெளியே வராத பல விவரங்கள் நீதிமன்றத்தின் வழியாக வெளிவந்துள்ளன.

நம் மாநிலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை வகுக்கின்றனர். மதிப்பெண் தெரிந்துவிட்டால், சென்ற ஆண்டு கடைசி இடம் எந்த மதிப்பெண்ணோடு முடிந்தது என்று பார்த்து ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ஹார்வர்டில் அத்தகைய எல்லைக்கோடு இல்லை. படிப்பு, பிற ஈடுபாடுகள், விளையாட்டு, தனிப்பண்பு என்று பல வகையிலும் மாணவரை மதிப்பிடுகின்றனர். பின்னர் ஏறத்தாழ 40 பேர் கொண்ட குழு வாக்களித்துப் பெரும்பான்மையால் முடிவு செய்கிறது. எனவே மதிப்பெண் தெரிந்த பின்னரும் ஐயம் நீங்குவதில்லை. நிகழ்தகவுக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

2024-இல் சேர்வதற்கு 54,008 பேர் விண்ணப்பித்தனர். 1,937 பேருக்கு இடம் அளிக்கப்பட்டது. அதாவது 3.59 விழுக்காடு, ஏறத்தாழ 28 பேருக்கு ஒருவர். ஒரு மாணவரைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாதபோது சொல்லத்தக்க முதல் மதிப்பீடு இதுவே. ‘நான் சிறந்த மாணவன், எனக்கு இது பொருந்தாது’ என்று பலரும் இதை ஒதுக்கிவிடுகின்றனர். அது சரியா என்று பார்ப்போம்.

வழக்கில் வெளிவந்த கணக்கின்படி, 2019-இல் பட்டம் பெறவேண்டிய வகுப்பிற்கு விண்ணப்பித்த உள்நாட்டு மாணவர் சுமார் 26,000 பேர். அவர்களுள் 8,000-க்கும் மேற்பட்டோர் பள்ளியில் முழுத்தரம் பெற்றவர்கள். பொதுத் தகுதித் தேர்வின் கணிதப் பகுதியில் முழு மதிப்பெண் பெற்றோர் மூவாயிரத்துக்கும் மேல். மொழிப் பகுதியில் முழு மதிப்பெண் பெற்றோர் சுமார் 2,700. அளிக்கப்பட்ட இடங்களோ 2,000-க்கும் குறைவு. வேறு எவருக்கும் கொடாமல் அத்தனை இடங்களையும் முழுத்தரம் பெற்ற 8,000 பேருக்கே கொடுத்ததாகக் கொண்டாலும், நால்வரில் மூவர் வெளியே நிற்க வேண்டும்! உண்மையான வாய்ப்பு இந்த மேல் எல்லையைவிடவும் குறைவாகவே இருக்கும். முதல் மாணவனாகத் தேறியவன் மறுக்கப்படும்போது அவனிடம் ஏதோ குறை இருந்தது என்று வீட்டார் எண்ணுவது இயல்பு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

இனி நிபந்தனை நிகழ்தகவுக்கு வருவோம். விளையாட்டுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டோர், பழைய மாணவரின் பிள்ளைகள், கல்லூரித் தலைவரின் தனிக் கவனப் பட்டியலில் உள்ளோர், அங்குப் பணிபுரிவோரின் பிள்ளைகள் ஆகியோர் விண்ணப்பித்தோருள் சுமார் 5 விழுக்காடே. இடம் பெற்றோருள் சுமார் 30 விழுக்காடு என்பது வழக்கில் தெரியவந்தது. கூட்டுச் சராசரி 5 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால், இப்பிரிவினருக்கு 30 விழுக்காடும் மற்றோருக்கு 3.7 விழுக்காடும் ஆகும். ஆகவே வெளியிடப்படும் சராசரி பெரும்பாலோருக்குச் சற்று மிகையானதே. 2023-இல் உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கருதக்கூடாது என்று தீர்ப்பளித்ததால், அதற்கு முந்தைய அட்டவணைகளை அப்படியே இன்றைய மாணவருக்குப் பொருத்துவதும் தகாது.

முன்கூட்டியே விண்ணப்பிப்போர் கணக்கும் இதைப் போன்றதே. 2024-இல் சேர்வதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்த 7,921 பேரில் 692 பேருக்கு அப்போதே இடம் கிடைத்தது, 8.7 விழுக்காடு. எஞ்சியோருக்கு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ‘முன்னதாக அனுப்பினால் வாய்ப்பு மும்மடங்காகும்’ என்று முடிவு கட்டலாமா? விளையாட்டு வீரர்களும் பழைய மாணவரின் பிள்ளைகளும் முன்வரிசையில் மிகுதியாக இருப்பின், விழுக்காடு உயர்ந்ததற்கு நாள் காரணமாகாது, ஆட்களே காரணம். மருத்துவமனையில் இறப்போர் மிகுதி என்பதால் மருத்துவமனைக்குப் போவதே ஆபத்து என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

மிகப் பெரிய தவறு நேர்வது பெருக்கல் விதியில்தான். ஒரு மாணவி இத்தகைய 10 கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். ஒவ்வொன்றிலும் வாய்ப்பு 5 விழுக்காடு என்று கொள்வோம். எல்லாவற்றிலும் மறுக்கப்படும் நிகழ்தகவு 0.95-இன் 10-ஆம் அடுக்கு, அதாவது 0.60. ஆகவே ஓரிடமேனும் கிடைக்க 40 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது! ஆனால் இவ்விதி சார்பற்ற நிகழ்ச்சிகளுக்கே பொருந்தும். பத்துக் கல்லூரிகளும் படிப்பது அதே மாணவியின் அதே மதிப்பெண்களை, அதே ஆசிரியரின் கடிதத்தை. கட்டுரைகளும் பெரும்பாலும் ஒன்றே. ஒரு குழுவைக் கவராதது மற்றொன்றையும் கவராமல் போகக்கூடும்.

ஒரே மதிப்பெண் பெற்ற 100 மாணவிகளை எண்ணிப் பாருங்கள். அவர்களுள் 10 பேருடைய கடிதமும் கட்டுரையும் மட்டும் குழுக்களைக் கவர்கின்றன. அவர்களுக்கு ஒவ்வொரு கல்லூரியிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மற்ற 90 பேருக்கு எங்குமே வாய்ப்பில்லை. இப்போதும் ஒவ்வொரு கல்லூரியும் சராசரியாக நூற்றுக்கு ஐவரையே சேர்க்கிறது. ஆனால் ஓரிடமேனும் பெறுவோர் 40 பேர் அல்லர். ஏறத்தாழ 10 பேரே! உண்மை 10-க்கும் 40-க்கும் இடையில் எங்கோ இருக்கும். தான் அந்தப் பத்துப் பேருள் ஒருத்தியா என்பது அம்மாணவிக்கு விண்ணப்பிக்கும்போது தெரியாது. ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் கட்டணம் உண்டு என்பதையும் மறந்துவிடக்கூடாது.

இதனால்தான், வெறுங்கையுடன் நிற்கும் அபாயத்தைக் குறைக்க விரும்புவோருக்குப் பதினோராவது அரிய கல்லூரியைவிட விதி தெளிவாக உள்ள ஒரு கல்லூரியே பயன் தரும். டெக்சாஸ் மாநிலத்தில் 1997-இல் இயற்றிய சட்டப்படி, பள்ளி வகுப்பில் முதல் பத்து விழுக்காட்டினருள் வருவோருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டின் பல்கலைக்கழகத்திற்கு மட்டும் பின்னர் இவ்வரம்பைச் சுருக்கினர். அங்குள்ள மாணவருக்கு அத்தகைய ஓர் இடம் பட்டியலில் இருந்தால், மற்றக் கணக்குகள் பிழைத்தாலும் படிப்பு நிற்காது.

மதிப்பீடு சரியா என்று சோதிப்பது எவ்வாறு? ஆலோசகர் ஒருவர் ஒரு மாணவனுக்கு ‘10 விழுக்காடு’ என்றார். அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதனால் அவர் சொன்னது பொய்யாகாது; கிடைக்காவிடில் மெய்யும் ஆகாது. அவர் அவ்வாறு சொன்ன, ஒருவரோடொருவர் தொடர்பற்ற 50 மாணவர்களின் முடிவுகளைத் திரட்ட வேண்டும். சராசரியாக 5 பேருக்குக் கிடைக்கவேண்டும். திட்ட விலக்கம் சுமார் 2.1. ஆகவே மூவருக்குக் கிடைத்தாலும் எழுவருக்குக் கிடைத்தாலும் அவரைக் குறை கூற இயலாது. ஐம்பதில் ஒருவருக்கும் கிடைக்காமற்போக நிகழ்தகவு 0.9-இன் 50-ஆம் அடுக்கு, ஆயிரத்தில் ஐந்து. அப்படி நேர்ந்தால் அடுத்த ஆண்டு வேறோர் ஆலோசகரைத் தேடலாம்.