பிள்ளை மாவா போடுகிறானா? அடிப்பதற்கு முன் கேளுங்கள்

மீளக்குடியமர்ந்த அலைச்சலில் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைக்காமல் போகலாம். ஆனாலும் பாருங்கள்: பாடசாலைக்குப் போக மறுக்கிறானா? அடிக்கடி காசு கேட்கிறானா? பல்லில் கறை தெரிகிறதா?

மாவாவில் பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் இருக்கின்றன. அது பழக்கமாகிவிடும், வாய்ப் புற்றுநோயையும் உண்டாக்கும்.

நீங்கள் செய்யக்கூடியவை:

• தனியே இருத்தி, அமைதியாகக் கேளுங்கள். இந்த மாற்றங்கள் வேறு கவலையாலும் வரலாம்.

• பாடசாலையிலிருந்து மறிக்காதீர்கள். படிப்பை விட்டால் பழக்கம் கூடும்.

• வகுப்பாசிரியருடன் பேசுங்கள்.

• அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். சிகிச்சை இலவசம்.

• 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை, மதுபானம் விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விற்கும் கடையைப் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

விட்டவன் மீண்டும் தொடங்கக்கூடும். அப்போதும் கைவிடாதீர்கள்; மறுபடி கூட்டிச் செல்லுங்கள்.