துணை போன பிறகு



இந்தத் தடவை நாம் பேசப்போவது மனசுக்குப் பாரமான விசயம். புருசனை, பெண்சாதியைப் பறிகொடுத்தவர்கள் அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

சாவு விழுந்த அன்று லயமே கூடி நிற்கும். மரண உதவிச் சங்கம் செலவைப் பார்த்துக்கொள்ளும். கருமாதி முடிந்ததும் எல்லாரும் மலைக்குப் போய்விடுவார்கள். உண்மையான துக்கம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் டிவிசனில் ஒரு அக்கா. புருசன் கவ்வாத்து வேலை செய்தவர். சேமலாப நிதிப் பணம் எடுக்கப் பத்திரத்தை நிரப்பிக்கொண்டு மூன்று முறை லயத்துக்குப் போனோம். "நான் கையெழுத்துப் போட்டா, அவரு செத்துட்டாருன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரிதானே ஐயா" என்றார். "புள்ளைங்கள நெனைச்சுப் பாரும்மா" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டோம். அது எங்கள் பிழை.

துக்கத்துக்கு ஐந்து படி என்று பயிற்சியில் படித்திருந்தோம். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, கடைசியில் ஏற்றுக்கொள்ளல். 1969இல் எலிசபெத் கூப்ளர் ரோஸ் என்ற வைத்தியர் எழுதியது. ஆனால் அவர் முதலில் எழுதியது சாகக் கிடந்த நோயாளிகளைப் பற்றி. லயத்துக் காம்பிராவில் துக்கம் படிப்படியாக ஏறுவதில்லை. இன்றைக்குச் சிரிப்பார், நாளைக்கு அவருடைய கம்பளியைக் கண்டதும் அழுவார். ஏற்றுக்கொள்வது என்றால் மறப்பது அல்ல. 'அவர் இனி வரமாட்டார், நான் இன்றைக்கு உலை வைக்க வேணும்' என்ற இரண்டையும் சேர்த்துச் சுமப்பதுதான்.

அக்காவுக்கு உதவியது எங்கள் புத்திமதி இல்லை. பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் இரண்டு பெண்கள் தினமும் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் புருசனின் கேலிப் பேச்சுகளைச் சொல்லிச் சிரித்தார்கள். நாங்களோ பேரை எடுத்தால் அழுவார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

பொட்டு வைக்காதே, கலியாண வீட்டில் முன்னுக்கு வராதே என்று நம்ம சனமே ஒதுக்குவது துக்கத்தின் மேல் இன்னொரு துக்கம். ஆம்பிளைகள் அழமாட்டார்கள், தவறணைக்குப் போவார்கள். அவர்களுக்கும் பக்கத்தில் ஆள் வேணும். "நானும் போயிடுறேன்" என்று யாராவது சொன்னால் தனியே விடாதீர்கள். வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

சேமலாப நிதியோடு நம்பிக்கை நிதியும் வாரிசுக்கு உண்டு. ஐந்து வருசம் வேலை செய்திருந்தால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வருசத்துக்கு 14 நாள் சம்பளம் வீதம் சேவைக்காலப் பணமும் உண்டு.

ஒன்பது மாதம் கழித்து அக்கா தானாகவே ஆபீசுக்கு வந்தார். "அந்தப் பத்திரம் இருக்காங்க ஐயா?" என்றார். கையெழுத்துப் போடுமுன், புருசன் பேரில் நாங்கள் விட்ட ஒரு எழுத்துப் பிழையைத் தொட்டுக் காட்டி, திருத்தச் சொன்னார்.