மூளைக் காய்ச்சல்: விடியும் வரை காத்திருக்காதீர்கள்



வடக்குப்பட்டுப் பக்கம் பல வீடுகளில் கணவருக்கு ஒரகடம் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். நள்ளிரவில் பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. கண் சொருகி, கைகால் வெட்டி இழுக்கிறது. "காத்து கருப்பு பட்டிருக்கும், விடிஞ்சதும் மந்திரிச்சுக்கலாம்" என்கிறார் வீட்டுப் பெரியவர். "அவரும் வந்துடட்டும்" என்று தாயும் காத்திருக்கிறாள். இந்தக் காத்திருப்புதான் ஆபத்து.

கொசு மூலம் வரும் சில காய்ச்சல்கள் மூளையைத் தாக்கும். அவற்றில் முக்கியமானது ஜப்பானிய மூளைக் காய்ச்சல். பெயர்தான் ஜப்பான், இந்தியாவில் இது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955இல், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து வேலூரில்தான். கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடமும் பன்றிகளிடமும் இந்தக் கிருமி பெருகுகிறது. நெல் வயலில் தேங்கும் நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு அவற்றைக் கடித்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் நம் பிள்ளையைக் கடிக்கிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டாது. பிள்ளையைத் தொட்டுத் தூக்கப் பயம் வேண்டாம்.

கிருமி புகுந்த சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றுகிறது. ஆனால் மூளை பாதித்தவர்களில் 100க்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கைகால் முடக்கம், பேச்சுக் குறை, வலிப்பு என்று ஏதேனும் தங்கிவிடும்.

காய்ச்சலோடு கடும் தலைவலி, ஓயாத வாந்தி, கழுத்து விறைப்பு, பிதற்றல், எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு இவற்றில் எது கண்டாலும் உடனே 108க்குப் போன் செய்யுங்கள். வண்டி இலவசம். கணவர் வரட்டும் என்று இருக்க வேண்டாம், தாயே முடிவெடுக்கலாம். இதை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். டெங்குவில் பிள்ளை சோர்ந்து மயங்கினாலும் இதே அவசரம்தான்.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. வாயில் கரண்டியோ தண்ணீரோ கூடவே கூடாது.

ஆஸ்பத்திரியில் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிப்பார்கள். "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காது" என்று கையெழுத்துப் போட மறுப்பவர்கள் உண்டு. காலை முடக்குவது நோய், ஊசி அல்ல. ஜப்பானியக் கிருமியைக் கொல்லத் தனி மருந்து இல்லை. வலிப்பை அடக்கி, மூச்சைக் காத்துத்தான் பிள்ளையை மீட்கிறார்கள். ஆனால் வந்திருப்பது மருந்துள்ள வேறு கிருமியாகவும் இருக்கலாம். அதை அறிய அந்த நீர் வேண்டும்.

தடுப்பூசி உண்டு. நோய் பரவும் மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்திற்குள் இன்னொன்று போடுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு உண்டா என்று, தடுப்பூசி அட்டையைக் காட்டி கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.