இஸ்தோப்பில் பிடிக்கும் புகை

வீடு திரும்பும் குடும்பங்கள் முதலில் கேட்பது கூரைத் தகடு, தண்ணீர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றித்தான். அது நியாயம். இந்தப் பக்கம் அவ்வளவு அவசரமாகத் தெரியாத ஒரு விடயத்தைப் பற்றியது: பக்கத்தில் இருப்பவர் பிடிக்கும் பீடி, சிகரட், சுருட்டின் புகை.

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும் பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். புதிய வீடுகள் கிடைக்க ஏறக்குறைய இரண்டு வருடங்கள் சென்றன. அப்படிப்பட்ட இடத்தில் கவலைக்கும் குளிருக்கும் ஒரு பீடி பற்ற வைக்கிறவரைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் முகாமில் கூடிய பழக்கம் மூட்டை முடிச்சோடு வீட்டுக்கும் வந்துவிடுகிறது.

புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உண்டு; அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்குபவை. புகைக்காமல் அதைச் சுவாசிப்பதால் மட்டும் உலகில் ஒவ்வொரு வருடமும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு இழுப்பு, நெஞ்சுச் சளி, காது வலி வரும். கர்ப்பிணித் தாய் தொடர்ந்து சுவாசித்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம். ஏற்கனவே விறகடுப்புப் புகை நிறைந்த காம்பராவில் இதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி ஆஸ்பத்திரி, அலுவலகம், வங்கி போன்ற மூடிய பொது இடங்களில் புகைக்கக் கூடாது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட் விற்பதும் குற்றம். ஆகவே "தம்பி, ஓடிப்போய்க் கடையில் ஒண்ணு வாங்கிட்டு வா" என்று பிள்ளையை அனுப்பாதீர்கள்.

ஆனால் அந்தச் சட்டம் உங்கள் இஸ்தோப்புக்கு வராது. பீலிக்கரைக்கும் வராது. அங்கே நீங்கள்தான் பேசி முடிவெடுக்க வேண்டும். திறந்த வெளிதானே என்று நினைக்கலாம். அமெரிக்காவில் 2007இல் வெளியிடங்களில் அளந்து பார்த்த ஆய்வாளர்கள், புகைப்பவருக்கு மிக அருகில் இருப்பவர் வீட்டுக்குள் இருப்பதைப் போன்ற அளவு புகையைச் சுவாசிக்கக்கூடும் என்று கண்டார்கள்; ஆறேழு அடி தள்ளினால் அது வெகுவாகக் குறைந்தது. தள்ளிப்போக இடம் இருக்கிறவர்களுக்குத்தான் அது பொருந்தும். மழை நாளில் நான்கு பேர் ஒண்டி நிற்கும் இஸ்தோப்பில் எங்கே தள்ளுவது? பழைய லயங்கள் சிலவற்றில் நடுச்சுவர் கூரை வரை எட்டுவதே இல்லை. ஒரு காம்பராப் புகை அடுத்த காம்பராத் தொட்டிலுக்குப் போய்ச் சேரும். சன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது.

குடியேறிய முதல் வாரத்திலேயே, பழக்கம் ஊன்றுவதற்கு முன், லயத்தார் கூடிப் பேசிவிடுங்கள். பிள்ளை மடுவம், கொழுந்து மடுவம், பீலிக்கரை, கோயில் வாசல் ஆகிய இடங்களில் வேண்டாம் என்று வையுங்கள். புகைப்பவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கொட்டிலாவது தள்ளி அமைத்துக் கொடுக்காவிட்டால் அவர்கள் இஸ்தோப்புக்கே திரும்புவார்கள். பெரியவரிடம் மருமகள் நேரே சொல்லத் தயங்குவாள். "மாமா, பிள்ளைக்கு இழுப்பு, கொஞ்சம் அங்கிட்டு நின்னு பத்துங்க" என்று மகன் சொல்லலாம், குடும்ப நல உத்தியோகத்தர் வரும்போது அவரைக் கொண்டும் சொல்ல வைக்கலாம்.

விட்டுவிட நினைப்பவர்கள் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம்.